ரேந்தைப் பின்னல்

நுழையும்முன்

ஊசியும் நூலும் கொண்டு வீட்டில் அமர்ந்து செய்யும் வேலையைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், பின்னிய நூலுக்குக் கிடைத்த கூலியைச் சேர்த்துவைத்து அடிமை நிலையிலிருந்து மீண்ட பெண்கள் தென்கோடித் தமிழ்நிலத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் வேரூன்றிய ரேந்தைப் பின்னலின் வரலாற்றையும், நூலால் பின்னும் கலையின் நுட்பத்தையும், நிறம் தேர்வதில் உள்ள இன்பத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

துளையால் ஆன துணி

நெய்த துணியில் ஊடும் பாவும் நெருங்கி நின்று இடைவெளியை மறைத்துவிடுகின்றன. இடைவெளி தெரியாமல் இருப்பதே நல்ல நெசவுக்கு அடையாளம் என்பர். ரேந்தை இதற்கு நேர்மாறானது. அதில் துளைதான் உருவத்தைத் தருகிறது. நூல் அத்துளைக்கு எல்லை வகுக்கிறது. மெல்லிய ரேந்தைத் துண்டு ஒன்றைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தால் இலையும் கொடியும் பூவும் தெளிவாகத் தெரியும். அதையே வெள்ளைத் துணியின்மேல் விரித்துவைத்தால் அவ்வுருவங்கள் பாதி மறைந்துபோகும்.

இன்று நாம் இதனை ‘லேஸ்’ என்று வழங்குகிறோம். பாவாடையின் ஓரத்திலும் குழந்தைகளின் சட்டைக் கழுத்திலும் வைத்துத் தைக்கும் நாடாக்கள் பெரும்பாலும் எந்திரத்தில் செய்யப்பட்டவை. கையால் செய்யும் முறைகள் பல. அவற்றுள் மூன்று பரவலானவை. கொக்கி முனையுடைய ஒற்றை ஊசியால் கண்ணிக்குள் கண்ணியை இழுத்துப் பின்னுவது குரோஷா. நீண்ட இரண்டு ஊசிகளில் கண்ணிகளை வரிசையாக ஏற்றியும் இறக்கியும் பின்னுவது கம்பளிச் சால்வைகளுக்கு உரிய முறை. திண்டு ஒன்றின்மேல் பல நூல்களை ஒரே நேரத்தில் கையாண்டு பின்னுவது மூன்றாவது முறை. குரோஷாவைத் தமிழக வீடுகள் நன்கு அறியும். நிலைவாசல் தோரணம், வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் மேலுறை, மேசை விரிப்பு என அது ஒருகாலத்தில் இடம்பெறாத வீடு குறைவு. திண்டில் பின்னும் ரேந்தை அவ்வாறு எங்கும் பரவவில்லை. அது குமரி நிலத்திலும் நெல்லைச் சீமையின் சில ஊர்களிலும் மட்டுமே ஊன்றி நின்றது.

தெரியுமா?

‘ரேந்தை’ என்பது போர்த்துகீசிய மொழியின் ‘ரெந்தா’ என்னும் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் போர்த்துகீசியர் கால்பதித்தபோது பொருள்களோடு அவற்றின் பெயர்களும் வந்து சேர்ந்தன. மேசை, அலமாரி, சாவி, சன்னல், பொத்தான் ஆகிய சொற்களும் அவ்வாறு வந்தவையே. சிங்கள மொழியிலும் இப்பின்னலுக்கு ‘ரேந்த’ என்றே பெயர். ஈழத்தமிழரிடையே ‘ரேந்தை’ இன்றும் வழக்கில் உள்ளது.

திண்டும் குச்சியும்

புள்ளிக்கோலம் போடத் தெரிந்தவருக்குத் திண்டுப் பின்னலின் அடிப்படை எளிதில் விளங்கும். கோலத்தில் முதலில் புள்ளிகள் வைக்கப்படுகின்றன. பின்னர் அப்புள்ளிகளைச் சுற்றியும் இடையே புகுந்தும் கோடு ஓடுகிறது. ரேந்தையில் புள்ளிகளின் இடத்தைக் குண்டூசிகள் பெறுகின்றன. கெட்டியாக அடைத்த திண்டின்மேல் தடித்த தாள் ஒன்றைப் பொருத்துவர். பின்ன வேண்டிய வடிவம் அத்தாளில் சிறு சிறு துளைகளாகக் குத்தப்பட்டிருக்கும். பின்னல் அத்துளையை எட்டும்போது அதில் ஒரு குண்டூசி நடப்படும். நூல் அவ்வூசியைச் சுற்றித் திரும்பிச் செல்லும். பின்னி முடித்த பகுதியிலிருந்து ஊசிகளைப் பிடுங்கி முன்னால் நட்டுக்கொண்டே போவார்கள். ஊசியை எடுத்த பின்னும் நூல் தன் இடத்திலேயே நிற்கும்.

ஒவ்வொரு நூலும் ஒரு சிறு குச்சியில் சுற்றப்பட்டிருக்கும். குச்சி நூலைச் சேமித்து வைப்பதோடு தன் எடையால் அதனை இழுத்தும் பிடிக்கிறது. எளிய நாடா ஒன்றுக்குச் சில இணைக் குச்சிகள் போதும். அகன்ற ரேந்தைக்கு அவை நூற்றுக்கணக்கில் தேவைப்படும். திண்டின்மேல் விசிறிபோல் பரந்து கிடக்கும் குச்சிகளைப் பார்ப்பவர், இத்தனை நூல்களையும் எவ்வாறு நினைவில் வைப்பது என்று மலைத்துப்போவார். உண்மையில் பின்னுபவர் ஒரு நேரத்தில் நான்கு குச்சிகளை மட்டுமே கையாள்கிறார். அவற்றை அவர் செய்யும் அசைவுகளும் இரண்டே.

நான்கு குச்சிகள் கிடக்கும் இடங்களை இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று எண்ணிக்கொள்வோம். இரண்டாம் இடத்தில் உள்ளதை மூன்றாம் இடத்துக் குச்சியின் மேலாகத் தூக்கி வைப்பது ‘மாற்று’. இரண்டாவதை முதலாவதன் மேலும், நான்காவதை மூன்றாவதன் மேலும் தூக்கி வைப்பது ‘முறுக்கு’. இங்கே எண் இடத்துக்கு உரியது, குச்சிக்கு உரியதன்று. மாற்று, முறுக்கு, மாற்று என்று செய்து அடுத்த இணைக்கு நகர்ந்தால் நெசவைப் போன்ற நெருக்கமான பரப்பு உருவாகும். மாற்று, முறுக்கு என்று மட்டும் செய்துகொண்டு போனால் சல்லடைபோன்ற கண்கள் தோன்றும். உலகின் மிகச் சிக்கலான திண்டு ரேந்தைகளும் இவ்விரண்டு அசைவுகளின் சேர்க்கையே. எழுத்துகள் சிலவாக இருக்க, அவற்றால் ஆன சொற்கள் எண்ணிறந்தனவாகப் பெருகுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேர்ந்த கைகள் பின்னும்போது குச்சிகள் ஒன்றோடொன்று மோதி இடைவிடாத ஓசை எழும். தொடக்கத்தில் எண்ணி எண்ணிச் செய்த அசைவுகள் சில திங்களில் கைக்குப் பழகிவிடும். அதன்பின் கண் தாளின் துளையைப் பார்க்கிறது. கை தானாக இயங்குகிறது. மனம் வேறெங்கும் அலையாமல் அமைகிறது. பின்னுபவர்கள் இக்கலையின் இன்பமாகச் சொல்வது பெரும்பாலும் இந்த அமைதியைத்தான்.

நாகர்கோவிலில் ஒரு பள்ளி

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைவதற்குமுன் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. இலண்டன் மறைப்பணிச் சங்கத்தைச் சார்ந்த சார்லஸ் மால்ட்டும் அவருடைய மனைவி மார்த்தா மால்ட்டும் 1819ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்தனர். பெண்கள் எழுத்தறிவு பெறுவதை வீட்டாரும் ஊராரும் விரும்பாத காலம் அது. பெண் குழந்தைகளுக்கென அங்கு உறைவிடப் பள்ளி தொடங்கப்பட்டது. எழுதவும் படிக்கவும் கற்பித்ததோடு, மார்த்தா மால்ட் அச்சிறுமியர்க்குத் திண்டு ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். இது நிகழ்ந்தது 1820களின் தொடக்கத்தில். பள்ளியில் செய்த ரேந்தை இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியரிடமும் இங்கிலாந்திலும் விலைபோயிற்று. அவ்வருவாய் பள்ளியை நடத்தவும் பின்னியவர்களுக்குக் கூலி தரவும் பயன்பட்டது.

இங்கே ஒரு முரணைக் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தில் கைப்பின்னல் ரேந்தை நலிவடையத் தொடங்கிய காலமும் இதுவே. ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809ஆம் ஆண்டுகளில் ரேந்தை வலை பின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எந்திரத்தால் பிழைப்பிழந்தோரின் சீற்றம் அவருடைய ஆலையையும் விட்டுவைக்கவில்லை. 1816இல் லவ்பரோ நகரிலிருந்த அவருடைய எந்திரங்களைக் கிளர்ச்சியாளர்கள் உடைத்தெறிந்தனர். பிறந்த மண்ணில் எந்திரத்தின்முன் தோற்றுக்கொண்டிருந்த கைத்தொழில் ஒன்று, கடல் கடந்து வந்து வேணாட்டுச் சிறுமியரின் விரல்களில் புதுவாழ்வு பெற்றது.

அக்காலத் திருவிதாங்கூரில் அடிமைமுறை நடைமுறையில் இருந்தது. உழைக்கும் மக்கள் நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும்பட்டனர். பள்ளியில் சேர்ந்த சிறுமியருள் அடிமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். ரேந்தை பின்னிப் பெற்ற கூலியைச் சேர்த்து, தமக்குரிய விலையைக் கொடுத்து அவர்களுள் சிலர் விடுதலை பெற்றதை மறைப்பணியாளர்களின் குறிப்புகள் தெரிவிக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறையை முற்றாக ஒழிக்கும் அரசாணை 1855இல்தான் வெளியானது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, சட்டம் தராத விடுதலையைச் சில பெண்கள் ஒரு திண்டின்முன் அமர்ந்து ஈட்டிக்கொண்டார்கள். ஒரு முழ ரேந்தைக்கு எத்தனை ஆயிரம் முறை குச்சிகளை மாற்ற வேண்டும் என்பதை அறிந்தால்தான் அவ்விடுதலையின் விலை புரியும்.

இன்னொரு முரண் இதனினும் கூர்மையானது. ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்த பெண்கள் தோளையும் மார்பையும் மறைத்து ஆடை அணிவதை அக்காலச் சாதி வழக்கம் தடைசெய்திருந்தது. அத்தடையை எதிர்த்து எழுந்த தோள்சீலைப் போராட்டம் 1822 முதல் 1859 வரை பல கட்டங்களாக நடந்தது. குப்பாயம் என்னும் மேற்சட்டை அணிந்த பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டனர். அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859 சூலை 26 அன்று வெளியான அரசாணையும் முழு உரிமையைத் தரவில்லை. சட்டை அணியலாம், முரட்டுத் துணியால் மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்றே அது கூறியது. சீமாட்டிகளின் தோள்களை அழகுசெய்யும் ரேந்தையைப் பின்னிய பெண்கள், தம் தோள்களை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகவே போராட வேண்டியிருந்தது. நாகர்கோவில் ரேந்தையைப் பற்றிப் பேசும்போது அதன் அழகை மட்டும் பேசுவது பாதி வரலாறே ஆகும்.

நாகர்கோவிலிலிருந்து இடையன்குடிக்கு

மால்ட் இணையரின் மகள் எலைசா. நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் அவருக்கு இளமை முதலே வாய்த்த மொழி. 1844இல் அவர் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ என்னும் நூலை 1856இல் வெளியிட்ட கால்டுவெல்லைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். அதே இடையன்குடியில் எலைசா பெண்களுக்குப் பள்ளி நடத்தியதையும், தம் தாயிடம் கற்ற ரேந்தைப் பின்னலை அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்பித்ததையும் அறிந்தவர் சிலரே. பனையையும் மணல்தேரியையும் நம்பி வாழ்ந்த அவ்வறண்ட பகுதியில், மழையை எதிர்பாராத வருவாய் ஒன்று பெண்களின் கைக்கு வந்தது. அப்பெண்கள் வயலுக்கோ கிணற்றடிக்கோ சென்று வந்த இடைவேளைகளிலும் திண்டை எடுத்து வைத்துப் பின்னலைத் தொடர முடியும். விட்ட இடத்தில் தொடரலாம் என்பதே இத்தொழில் வீடுகளில் நிலைத்ததற்குக் காரணம்.

அக்காரணமே இத்தொழிலின் குறைக்கும் வழி வகுத்தது. ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபுரம் குரோஷா ரேந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கும் அக்கலையை 19ஆம் நூற்றாண்டில் அறிமுகப்படுத்தியவர்கள் மறைப்பணியாளர்களே. செருமானியச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அப்பெண்களிடையே ஆய்வு செய்து 1982இல் ‘நரசாபுரத்து ரேந்தைப் பெண்கள்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்களைத் தொழிலாளர் என்று யாரும் கருதவில்லை. இல்லத்தரசியர் ஓய்வுநேரத்தில் செய்யும் வேலை என்றே அது கணக்கிடப்பட்டது. அதனால் கூலி மிகக் குறைந்தது. நூலைக் கொண்டுவந்து கொடுத்தவரும், பின்னியதை வாங்கி ஏற்றுமதி செய்தவரும் செல்வம் சேர்த்தனர். ‘ஓய்வுநேரம்’ என்ற ஒரு சொல் ஒருவருடைய கூலியைக் குறைக்கும் கருவியாக மாறுவதை அந்நூல் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது. மகிழ்ச்சியுடன் செய்யப்படும் வேலை என்பதால் அது வேலை ஆகாமல் போய்விடாது.

மோதிரத்துக்குள் நுழையும் சால்வை

வெப்பநாட்டில் பருத்தி நூல் ரேந்தையானது போலக் குளிர்நாடுகளில் ஆட்டுமயிர் நூல் ரேந்தையானது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்கு நடுவில் உள்ள செட்லாந்துத் தீவுகளில், இரண்டு ஊசிகள் கொண்டு பின்னும் சால்வைகள் 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றன. பெரிய சால்வை ஒன்றைச் சுருட்டித் திருமண மோதிரத்தின் ஊடே இழுத்துவிடலாம் என்னும் அளவுக்கு அவற்றின் நூல் மெல்லியது. உருசிய நாட்டின் ஓரன்பர்க் பகுதியில் வெள்ளாட்டின் மென்மயிரால் பின்னும் சால்வைகளுக்கும் இதே பெருமை உண்டு.

ஊசிப் பின்னலில் துளை எவ்வாறு உண்டாகிறது? ஊசியின்மேல் நூலை ஒருமுறை வெறுமனே சுற்றிக்கொண்டு அடுத்த கண்ணியைப் பின்னினால், அச்சுற்று அடுத்த வரிசையில் துளையாக நிற்கும். ஆனால், ஒவ்வொரு சுற்றும் ஊசியில் ஒரு கண்ணியைக் கூட்டிவிடுகிறது. எனவே, அருகிலேயே இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னி ஒன்றைக் குறைக்க வேண்டும். கூட்டியதும் குறைத்ததும் சமமாக இருந்தால் சால்வையின் அகலம் மாறாது. கூட்டலை ஓரிடத்திலும் குறைத்தலை மற்றோரிடத்திலும் வைத்தால் வரிசை அலைபோல் வளையும். இலையின் சாய்வும் மயிலிறகின் வளைவும் இக்கணக்கிலிருந்து பிறக்கின்றன. பள்ளியே செல்லாத பெண்கள் இக்கணக்கை மனத்தில் போட்டுப் பின்னினர். எழுத்தறிவும் எண்ணறிவும் பள்ளியில் மட்டுமே பிறக்கும் என்று நினைப்போர் ஒரு சால்வையை விரித்து எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு கண்ணி நழுவினால் அது கீழே வரிசை வரிசையாக அவிழ்ந்துகொண்டே போகும். ஆகவே, பழகியவர்கள் பின்னலின் இடையிடையே வேறு நிற நூல் ஒன்றை ஒரு முழு வரிசையின் கண்ணிகளுக்குள் கோத்து வைப்பர். பிழை நேர்ந்தால் அவ்வரிசை வரை மட்டும் பிரித்து மீண்டும் தொடங்கலாம். துணியை வெட்டிக் கெடுத்தவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. பின்னலில் பிரித்த நூல் மீண்டும் நூலாகவே கைக்கு வருகிறது.

பின்னி முடித்து ஊசியிலிருந்து இறக்கிய சால்வை பார்ப்பதற்கு அழகாக இராது. சுருங்கிக் கசங்கிய துணிபோல் கிடக்கும். அதனை நனைத்து, நீரைப் பிழிந்து, நாற்புறமும் இழுத்து ஊசி குத்திக் காயவைப்பார்கள். உலர உலரத் துளைகள் விரியும். பல வாரங்களாகக் கைக்குள் சுருண்டு கிடந்த வடிவம் அப்போதுதான் முதன்முறையாக முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும். பின்னியவருக்கே அதுவரை தாம் பின்னியது என்ன என்பது தெரியாது என்று சொன்னால் பெரிதும் பிழையாகாது.

நிறம் தேர்தல்

பழைய ரேந்தைகளுள் பெரும்பாலானவை வெண்ணிறத்தன. ஆளிச்செடியின் நாரால் ஆன நூல் சாயத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆனால், வெயிலில் உலர்த்தி வெளுக்க வெளுக்கத் தும்பைப் பூப்போல் வெண்மை பெறும். வேறொரு காரணமும் உண்டு. ரேந்தையில் துளையே உருவம் ஆதலால், நூலின் நிறம் அதனோடு போட்டியிடக்கூடாது. ஒரே கண்டில் பல நிறங்கள் மாறி மாறி வரும் உல்லன் நூல் கடையில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும். அதில் நுட்பமான ரேந்தை பின்னினால் கண் நிறங்களைப் பின்தொடர்ந்து சென்றுவிடும். துளைகளால் ஆன இலையும் பூவும் தொலைந்துபோகும். அடர்ந்த நிறம் கண்ணிகளின் நிழலை மறைக்கும். வெளிர்நிறம் அவற்றைக் காட்டும். எனவே, வடிவம் நுட்பமாக இருந்தால் நிறம் எளிமையாகவும், நிறம் ஆரவாரமாக இருந்தால் வடிவம் எளிமையாகவும் அமைவது நல்லது.

ஒரு நிறம் தனித்திருக்கும்போது ஒருவிதமாகவும் மற்றொன்றின் அருகே வேறுவிதமாகவும் தோன்றும். பாரிசு நகரின் கோப்லான் திரைச்சீலைக் கூடத்தில் சாயப்பிரிவின் தலைவராக 1824இல் பொறுப்பேற்ற மிஷேல் செவ்ரூல் என்னும் வேதியியல் அறிஞரிடம் ஒரு குறை கூறப்பட்டது. அங்குத் தோய்த்த கறுப்பு நூல், நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே வைத்து நெய்யும்போது வலுவிழந்து தெரிகிறது என்பதே அக்குறை. அவர் சாயத்தை ஆராய்ந்தார். சாயத்தில் குற்றமில்லை. அண்டையில் இருந்த நிறமே கறுப்பை மங்கச் செய்தது. ஒன்றையொன்று அடுத்துள்ள நிறங்கள் கண்ணில் ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பதை விளக்கி 1839இல் அவர் எழுதிய நூல் ஓவியர்களுக்கும் வழிகாட்டியானது.

செவ்ரூலின் நூலைப் படிக்காமலே இதனை அறிந்தவர்கள் நம் நெசவாளர்கள். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, கிளிப்பச்சைக்கு வாடாமல்லி முந்தி என்று எதிரெதிர் நிறங்களை இணைத்துக் காஞ்சிப் பட்டுக்குத் தனித்த முகத்தை அவர்கள் தந்தார்கள். மயில்கழுத்து, கத்தரிப்பூ, வெங்காயச்சருகு, எலுமிச்சை என நிறங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்களெல்லாம் கண்ணால் கண்ட பொருள்களின் பெயர்கள். மயில்கழுத்து என்ற பெயர் ஒற்றை நிறத்தைச் சுட்டவில்லை. ஊடு ஒரு நிறமும் பாவு ஒரு நிறமுமாக நெய்து, பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமும் பச்சையும் மாறிமாறித் தோன்றும் நிலையைச் சுட்டுகிறது. இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் ‘எம்.எஸ். நீலம்’ என்றொரு நிறமும் பட்டுக்கடைகளில் வழங்குகிறது.

நிறம் தேரும் இன்பத்துக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. வயர் கூடை பின்னுவோர் எத்தனை கட்டு மஞ்சள், எத்தனை கட்டு பச்சை என்று கடையில் நின்று மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்ப்பதும் இதே இன்பமே. விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சல் விழா அமாவாசை இரவுகளில் நடைபெறுகிறது. அத்தகைய இரவு விழாக்களின் கடைகளில் விளக்கொளியில் கருநீலம் என்று எண்ணி வாங்கிய ரிப்பன், விடிந்தபின் ஊதாவாகத் தெரிவதும் உண்டு. இரவில் ரிப்பன் மாறிவிடவில்லை, ஒளி மாறிவிட்டது. விளக்கின் ஒளியில் எல்லா நிறங்களும் பகலொளியில் உள்ள அளவில் இருப்பதில்லை. ஆகவே, நூல் வாங்குவோர் அதனைக் கடைக்கு வெளியே எடுத்து வந்து பகலொளியில் பார்ப்பது அறிவுடைமை. சால்வைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே முறையில் வாங்குவதும் இன்றியமையாதது. ஒரே நிறப்பெயர் கொண்ட கண்டுகளும் வெவ்வேறு முறை தோய்க்கப்பட்டிருந்தால் சாயத்தில் சிறிது வேறுபடும். கையில் வைத்துப் பார்க்கும்போது தெரியாத அவ்வேறுபாடு, பின்னிய பிறகு சால்வையின் குறுக்கே கோடாக விழுந்துவிடும்.

தமக்கென்று பின்னுபவர் நூலையும் நிறத்தையும் வடிவத்தையும் தாமே தேர்கிறார். கூலிக்குப் பின்னுபவருக்கு அவை மூன்றும் பிறரிடமிருந்து வருகின்றன. நாகர்கோவில் சிறுமியருக்குக் கிடைத்தது வெள்ளை நூலும் சீமை வடிவமும். நரசாபுரத்துப் பெண்களுக்கு வணிகர் கொடுத்ததே நூல்.

இரண்டே நிறங்கள்

நீலகிரியில் வாழும் தோடர் குலப் பெண்களின் பூத்தையல் இதனின்றும் வேறுபட்டது. அது ரேந்தை அன்று; துணியின்மேல் ஊசியால் இடும் வேலை. தோடர் தாமே துணி நெய்வதில்லை. வெளியிலிருந்து பெறும் வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் அவர்கள் தைக்கின்றனர். அவ்வாறு செய்த பூத்துக்குளி என்னும் போர்வையை ஆண்களும் பெண்களும் அணிவர். இறந்தோரின் உடலையும் அதனாலேயே போர்த்துவர். துணியில் வடிவம் எதையும் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. ஊடும் பாவுமாகிய இழைகளைக் கண்ணாலும் விரலாலும் எண்ணி, இத்தனை இழை விட்டு இத்தனை இழை எடுப்பது என்று ஊசியைச் செலுத்துவர். நிறங்கள் மரபால் வரையறுக்கப்பட்டவை. ஆனால் எவ்விடத்தில் சிவப்பு அகல வேண்டும், எவ்விடத்தில் கறுப்பு குறுக வேண்டும் என்பதைத் தைப்பவரே தீர்மானிக்கிறார். நெய்த துணியோ தைத்த துணியோ என்று ஐயுறும் அளவுக்கு அவ்வேலை ஒழுங்குடையது. 2013இல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பூத்தையல் துணிக்குப் பொதுவாக வழவழப்பான முன்பக்கமும், இழை முனைகள் தெரியும் பின்பக்கமும் இருக்கும். மற்றையோர் பின்பக்கத்தை மறைத்து உடுத்துவர். தோடர்களோ நூல் புடைத்துச் சொரசொரப்பாக நிற்கும் அந்தப் பின்பக்கத்தையே வெளியே தெரியும்படி போர்த்துகின்றனர்.